பங்குகள் கைமாறிவிட்டன, சான்றிதழ் இன்னும் பழைய பெயரில்

கேள்வி: ஐயா, வணக்கம். கனடாவில் மத்திய அரசின் சட்டத்துக்கு உட்பட்ட ஒரு சிறிய சரக்கு ரயில் கம்பெனியில், ஒழுங்குமுறைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பக்கத்துப் பாதையை நடத்திவந்த இன்னொரு சிறு கம்பெனியின் பங்குகள் முழுவதையும் எங்கள் கம்பெனி வாங்கிவிட்டது. இரண்டு கம்பெனிக்கும் ஏஜென்சி (கனடியப் போக்குவரத்து முகமை) கொடுத்த தகுதிச் சான்றிதழ் தனித்தனியாக இருக்கிறது. வரும் ஜனவரி 1 முதல் எல்லாவற்றையும் ஒரே பெயரில், ஒரே சான்றிதழில் நடத்த வேண்டும் என்கிறது நிர்வாகம். “வாங்கியாச்சு, இனி நம்முடையதுதானே. அவர்களுடைய சான்றிதழை ரத்து செய்யச் சொல்லி ஏஜென்சிக்கு ஒரு கடிதம் போட்டுவிடு” என்கிறார் எங்கள் நிதி மேலாளர். இதற்கு அனுமதி வாங்க வேண்டுமா, தெரிவித்தால் மட்டும் போதுமா? அதுவரை எங்கள் ஓட்டுநர்களையும் எஞ்சின்களையும் அந்தப் பாதையில் அனுப்பலாமா? - ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடிதத்தை மட்டும் இப்போது அனுப்பிவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம். சான்றிதழை ரத்து செய்யச் சொல்லி நீங்களே எழுதிக் கொடுத்து, ஏஜென்சியும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டால், மறுநாள் காலை அந்தப் பாதையில் கிளம்பும் முதல் ரயில் சான்றிதழ் இல்லாத ரயில். கனடியப் போக்குவரத்துச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு இதில் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை. தகுதிச் சான்றிதழ் இல்லாமல் யாரும் ரயில் பாதை அமைக்கவும் கூடாது, ரயில் நடத்தவும் கூடாது. பங்கு யார் கையில் இருக்கிறது என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. நடத்துகிறவர் யார் என்றுதான் கேட்கிறது.

உங்கள் நிதி மேலாளர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பங்குகளை வாங்கியபோது அந்தக் கம்பெனி அழியவில்லை. அதே சட்டப் பெயர், அதே சான்றிதழ், அதே காப்பீடு. முதலாளி மட்டும் மாறினார். அதனால்தான் வாங்கிய மறுநாளும் அங்கே ரயில்கள் சட்டப்படி ஓடின. இந்த நிலைமையில் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம். பெரிய குழுமங்கள் சில, தாங்கள் வாங்கிய சிறு ரயில் கம்பெனிகளை இப்படித் தனித்தனியாகவே வைத்திருக்கின்றன. ஆனால் ஜனவரி 1 முதல் உங்கள் கம்பெனியே அந்தப் பாதையை நடத்தப்போகிறது என்றால், நடத்துகிறவர் மாறுகிறார். அப்போது உங்கள் சான்றிதழில் அந்தப் பாதையைச் சேர்த்துத் திருத்தித் தரும்படி ஏஜென்சியிடம் விண்ணப்பிக்க வேண்டும். இது தெரிவித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. அவர்கள் பார்த்து முடிவெடுத்து உத்தரவு போட வேண்டும். வாங்கிய கம்பெனியின் சான்றிதழை ரத்து செய்யும் கோரிக்கை அதே விண்ணப்பத்திலேயே இருக்கட்டும்: உங்கள் சான்றிதழ் திருத்தப்படும் அதே நாளில், அதே நேரத்தில் மற்றது ரத்தாக வேண்டும் என்று கேளுங்கள். ஒரு மணி நேரம்கூட இடைவெளி இருக்கக் கூடாது.

இப்போது ஏஜென்சி எதைப் பார்க்கும் என்பதற்கு வருகிறேன். பலரும் தப்புக் கணக்குப் போடுவது இங்கேதான். இணைப்பால் போட்டி குறையுமா, சரக்குக் கட்டணம் ஏறுமா என்றெல்லாம் அவர்கள் அலசுவார்கள் என்று நினைத்து, இணைப்பின் பலன்களைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் தரைவழிப் போக்குவரத்து வாரியம் அந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்கும். கனடாவில் அது வேறு வழியில் போகிறது. போட்டிச் சட்டப்படி முன்னறிவிப்பு கொடுக்க வேண்டிய அளவுக்குப் பெரிய கைமாற்றம் என்றால், அதே சமயத்தில் போக்குவரத்து அமைச்சருக்கும் தெரிவிக்க வேண்டும். பொதுநலன் சம்பந்தப்பட்டதா என்று அவர் 42 நாளுக்குள் சொல்வார். அதெல்லாம் வாங்கும் கட்டத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. முடிந்ததா என்று உங்கள் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தகுதிச் சான்றிதழைப் பொறுத்தவரை 92-ஆம் பிரிவின்படி ஏஜென்சியின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பாதையில் விபத்து நடந்தால் மூன்றாம் தரப்பினருக்கு ஈடுகொடுக்கப் போதுமான பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா?

ஒரே ஒரு கேள்விதானே என்று லேசாக எண்ணிவிடாதீர்கள். அதற்குப் பின்னால் 47 உயிர்கள் இருக்கின்றன.

2013 ஜூலை 6. கியூபெக்கில் லாக்-மெகான்டிக் என்ற சிற்றூர். 72 டாங்கர்களில் 77 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் ஏற்றிய ரயில், ஊருக்கு மேலே நாந்த் என்ற இடத்தில் இரவு நிறுத்தப்பட்டிருந்தது. ஒரே ஓட்டுநர். அவர் ஏழு கைபிரேக் போட்டிருந்தார். அந்தச் சரிவுக்கு 17 முதல் 26 வரை தேவைப்பட்டிருக்கும் என்று போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பிறகு கணக்கிட்டது. எஞ்சினில் தீப்பிடித்தது, அணைத்தார்கள், எஞ்சினை நிறுத்தினார்கள். காற்றழுத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. ஆளில்லாத அந்த ரயில் சரிவில் உருண்டு மணிக்கு 65 மைல் வேகத்தில் ஊருக்குள் புகுந்தது. 63 டாங்கர்கள் தடம் புரண்டன, ஊரின் நடுப்பகுதி எரிந்து போனது.

அந்த ரயிலை நடத்திய மாண்ட்ரியல், மெய்ன் அண்ட் அட்லாண்டிக் கம்பெனியின் பொறுப்புக் காப்பீடு 25 மில்லியன் டாலர். பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பிறகு பல நிறுவனங்கள் சேர்ந்து போட்ட இழப்பீட்டு நிதி 400 மில்லியனைத் தாண்டியது. அடுத்த மாதமே அந்தக் கம்பெனி திவால் பாதுகாப்புக்குப் போய்விட்டது. காப்பீடு போதாது என்று ஏஜென்சி அதன் தகுதிச் சான்றிதழை இடைநிறுத்த உத்தரவிட்டது. பிறகு காப்பீட்டுக்கான ஆதாரத்தைக் காட்டியதும் சான்றிதழ் இன்னும் சில காலம் தொடர அனுமதித்தது. அந்தக் கம்பெனியிடம் சான்றிதழ் இருந்தது. அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பணம் இல்லை. 2015-ல் சட்டத்தைத் திருத்தியதே இதனால்தான். அதுவரை எது போதுமான காப்பீடு என்பதை ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாகப் பார்த்தார்கள். இப்போது சட்டமே குறைந்தபட்சத் தொகையை நான்கு படிகளாகச் சொல்கிறது: 25 மில்லியன், 100 மில்லியன், 250 மில்லியன், 1,000 மில்லியன் டாலர். எந்தப் படி என்பது ஒரு வருடத்தில் நீங்கள் ஏற்றும் ஆபத்தான பொருள்களின் வகையையும் எடையையும் பொறுத்தது.

உங்கள் இணைப்பில் நான் முதலில் கை வைக்கும் இடம் இதுதான். ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் கம்பெனி கச்சா எண்ணெயும் ஏற்றுவதில்லை, நச்சு வாயுவும் ஏற்றுவதில்லை, புரொபேன் போன்ற மற்ற ஆபத்தான பொருள்கள் வருடத்துக்கு 24,000 டன் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய கம்பெனி அதே மாதிரி 19,000 டன். இந்த வகைக்கு எல்லை 40,000 டன். தனித்தனியாக இரண்டுமே 25 மில்லியன் படியில் நிற்கின்றன. இணைத்த அன்று கணக்கு 43,000 டன். ஒரே நாளில் 100 மில்லியன் படிக்கு ஏறிவிட்டீர்கள். தண்டவாளம் ஒரு அடிகூட நீளவில்லை, ஒரு வேகன்கூட அதிகமாக ஓடவில்லை, ஆனால் பாலிசி நான்கு மடங்காக வேண்டும். இணைத்தால் இவ்வளவு மிச்சமாகும் என்று உங்கள் நிதி மேலாளர் ஒரு கணக்கு போட்டு வைத்திருப்பார். இந்தப் பிரீமியம் அதில் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். நிர்வாகக் குழுவின் ஒப்புதல் கிடைத்த பிறகு இந்தக் கேள்வி எழுந்தால் எல்லோருக்கும் சங்கடம்.

கூட்டும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பாதைகள் என்பதால் ஒரே வேகன் உங்கள் பாதையில் கிளம்பி அவர்கள் பாதையில் முடிந்திருக்கலாம். இரண்டு கம்பெனியின் வருடாந்தரக் கணக்கிலும் அந்தச் சரக்கு இருக்கும். அப்படியே கூட்டினால் ஒரே டன்னை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். வேகன் எண்ணையும் தேதியையும் வைத்து வே-பில்களை, அதாவது ஒவ்வொரு வேகனின் சரக்குச் சீட்டுகளை, ஒத்துப் பார்த்தால் உண்மைத் தொகை தெரியும். சலிப்பான வேலைதான், இரண்டு வாரம் பிடிக்கும். ஆனால் 43,000 என்று நினைத்தது 38,500 ஆக இறங்கலாம். அப்படி இறங்கினால் அந்த ஒத்துப்பார்த்த அட்டவணையை விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் எல்லைக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் மேல் படிக்கே பாலிசி எடுக்கச் சொல்வேன். ஒரு புதிய வாடிக்கையாளர் வந்தாலே எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். ஒரு ஊரே அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில் தூங்குகிறது.

பாலிசியைக் கையில் வாங்கியதும் முதலில் தொகையைப் பார்க்காதீர்கள். காப்பீடு செய்யப்பட்டவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இணைப்புக்குப் பின் வரும் சட்டப் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். பிறகு மூன்றாம் தரப்பினரின் உயிரிழப்பும் காயமும், சொத்துச் சேதம், கசிவும் மாசும் ஆகிய மூன்றும் உள்ளே வருகின்றனவா என்று பாருங்கள். அப்புறம், விபத்து நடந்தால் முதலில் எவ்வளவு தொகையைக் கம்பெனி தன் கையிலிருந்தே கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அது 5 மில்லியன் என்றால், அந்த 5 மில்லியன் உங்களிடம் இருக்கிறது என்பதை நிதி அறிக்கைகளை வைத்து ஏஜென்சிக்குக் காட்ட வேண்டும். ஒரு கம்பெனியை வாங்கக் கடன் எடுத்திருப்பீர்கள், கையிருப்பு குறைந்திருக்கும். வாங்குவதற்கு முந்தைய வருடத்தின் அறிக்கையை மட்டும் அனுப்பினால் அடுத்த கேள்வி உடனே வரும். இன்றைய நிலைமையையும் சேர்த்தே அனுப்புங்கள்.

பழைய பாலிசியின் கதை என்ன என்பதையும் காப்பீட்டுத் தரகரிடம் கேளுங்கள். வாங்கிய கம்பெனி போன மார்ச்சில் ஏற்படுத்திய ஒரு கசிவுக்கு, இணைப்பு முடிந்த அடுத்த வருடம் யாராவது வழக்குப் போட்டால் யார் கொடுப்பார்கள்? சில பாலிசிகள் விபத்து நடந்த தேதியைப் பார்க்கும், சில கோரிக்கை வந்த தேதியைப் பார்க்கும். இரண்டாவது வகை என்றால் பாலிசி முடிந்த பிறகும் சில வருடங்களுக்கு நீளும் பாதுகாப்பைத் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும்.

சான்றிதழில் இருக்கும் இரண்டாவது விஷயம் பாதை. ஒவ்வொரு பாதையும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த வழியாகப் போகிறது என்று அதில் இருக்கும். பழைய சான்றிதழில் உள்ளதை அப்படியே நகலெடுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பல வருடங்களுக்கு முன் இப்படி ஒரு இணைப்பு விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. சான்றிதழில் பாதை மைல் 0.0 முதல் மைல் 41.6 வரை. விற்பனைப் பத்திரத்திலும் 41.6. ஆனால் ஓட்டுநர்கள் கையில் வைத்திருக்கும் டைம்டேபிளை விரித்தால் கடைசி நிலையம் மைல் 43.2. அந்த 1.6 மைல் எங்கிருந்து வந்தது? அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. முப்பது வருடம் அந்தப் பாதையைப் பராமரித்த ரோடுமாஸ்டரைப் போனில் பிடித்தோம். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மைல் 41.6-ல் ஆற்றுப் பாலம், பாலத்தைத் தாண்டினால் தண்டவாளம் வேறொரு கம்பெனியுடையது, ஒரு பழைய மில்லின் வேகன்களை எடுக்க அதில் போய்வர ஒப்பந்தம் இருக்கிறது என்றார். ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தால், கம்பெனி கைமாறினால் மற்றவரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்று ஒரு வரி. யாரும் சம்மதம் வாங்கவில்லை. காப்பீட்டாளரிடம் கொடுத்த வரைபடத்திலும் அந்த 1.6 மைல் இல்லை. நான்கு மாதமாக வாரம் மூன்று ரயில் அங்கே போய் வந்துகொண்டிருந்தது. நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே சான்றிதழ், விற்பனைப் பத்திரம், டைம்டேபிள், காப்பீட்டாளரிடம் இருக்கும் வரைபடம் ஆகிய நான்கையும் ஒரே மேசையில் விரித்து, மைல் மைலாக ஒத்துப் பாருங்கள். மற்றவர் தண்டவாளத்தில் நீங்கள் போகும் இடம், உங்கள் தண்டவாளத்தில் மற்றவர் வரும் இடம், வேகன்களை மாற்றிக்கொள்ளும் யார்டு எல்லாம் வெளியே வரும். எந்த ஒப்பந்தத்தில் கைமாற்றத்துக்குச் சம்மதம் வேண்டும் என்று தனியாக ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சட்ட வடிவத்தில் இணைப்பது என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. வாங்கிய கம்பெனியின் சொத்துகளை உங்கள் கம்பெனிக்கு மாற்றி எழுதிவிட்டுப் பழையதைக் கலைப்பது ஒரு வழி. இரண்டு கம்பெனிகளையும் சட்டப்படி ஒன்றாக்குவது இன்னொரு வழி. என் விருப்பம் இரண்டாவது. ஒன்றாக்கினால் இரண்டின் உரிமைகளும் கடமைகளும் புதிய கம்பெனியில் தொடரும், ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தனித்தனியாக மாற்றி எழுத வேண்டியதில்லை. அதற்காகச் சான்றிதழும் தானாக மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். அதில் இருப்பது பழைய பெயரும் பழைய பாதையும்தான். ஏஜென்சியின் உத்தரவு எந்த வழியிலும் தேவை. கம்பெனிகள் ஒன்றாகும் தேதியையும் உத்தரவு நடைமுறைக்கு வரும் தேதியையும் ஒன்றாக வைக்கும்படி இப்போதே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏஜென்சி ஒரு வாசல்தான். இன்னொன்று டிரான்ஸ்போர்ட் கனடா, மத்திய அரசின் போக்குவரத்துத் துறை. 2015 ஜனவரி 1 முதல் ரயில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயக்கச் சான்றிதழ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. தகுதிச் சான்றிதழ் காப்பீட்டைப் பற்றியது, இது பாதுகாப்பைப் பற்றியது. ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்ததாக ஆகாது. இரண்டு அலுவலகங்களும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். அதே வாரத்தில், அதே வரைபடத்தோடு அங்கேயும் எழுதி, உங்கள் இயக்கச் சான்றிதழில் என்ன மாற வேண்டும் என்று கேளுங்கள்.

அங்கே உண்மையான வேலை பாதுகாப்பு மேலாண்மை முறையில் இருக்கிறது. பாதுகாப்பைப் பாதிக்கக்கூடிய எந்த மாற்றத்தைச் செய்வதற்கு முன்பும் இடர் மதிப்பீடு செய்ய வேண்டும் என்பது விதி. இரண்டு ரயில் கம்பெனிகளை ஒன்றாக்குவது அப்படி ஒரு மாற்றம் என்பதில் சந்தேகமே இல்லை. அவர்களுடைய ரயில் கட்டுப்பாட்டாளர் இனி உங்கள் அறையில் உட்காரப்போகிறாரா? ரேடியோ அலைவரிசை மாறுகிறதா? இரவில் ரயிலை நிறுத்திவைக்கும் இடத்தின் சரிவு எவ்வளவு, அங்கே எத்தனை கைபிரேக் என்று யாருடைய அறிவுறுத்தல் சொல்கிறது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத உட்காரும்போது பழைய கம்பெனியின் ஓட்டுநர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்தப் பாதை எங்கே மழைக்கு அரிக்கும், எந்த லெவல் கிராசிங்கில் லாரிகள் பொறுமை இழக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் விலக்குகள். ஏதாவது ஒரு விதியிலிருந்து வாங்கிய கம்பெனிக்கு அமைச்சர் விலக்குக் கொடுத்திருக்கலாம், அல்லது அதற்கென்றே தனி விதி அங்கீகரிக்கப்பட்டிருக்கலாம். அவை அந்தக் கம்பெனியின் பெயரில், அந்தச் சூழ்நிலையைப் பார்த்துக் கொடுக்கப்பட்டவை. உங்கள் பெயருக்குத் தானாக வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்வி: அதுவரை உங்கள் ஓட்டுநர்களை அனுப்பலாமா? அந்தப் பாதையை நடத்துவது இன்னும் அந்தக் கம்பெனிதான். ஆகவே அங்கே ஓடும் ரயில் அதன் ரயிலாக இருக்க வேண்டும். அதன் சான்றிதழ், அதன் காப்பீடு, அதன் விதிப்புத்தகம், அதன் மேற்பார்வை. உங்கள் எஞ்சினை அவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கலாம், உங்கள் ஆட்களை அங்கே வேலைக்கு அனுப்பலாம். இரண்டையும் எழுத்தில் வையுங்கள், காப்பீட்டாளருக்கும் தெரிவியுங்கள். அனுப்பும் ஓட்டுநர் அந்தப் பாதையைக் கற்றுத் தேறியவராக இருக்க வேண்டும், அன்றைய வேலையில் அவர்களுடைய மேற்பார்வையாளர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் இரண்டு கம்பெனியிலும் சேர்த்துக் கணக்கிடுங்கள். காலையில் இங்கே ஆறு மணி நேரம், மாலையில் அங்கே எட்டு மணி நேரம் என்று இரண்டு பதிவேட்டில் தனித்தனியாக இருந்தால் தாளில் எல்லாம் சரியாகத் தெரியும், ஓட்டுநர் மட்டும் கண் சொக்கிக்கொண்டிருப்பார். உங்கள் கம்பெனியின் பெயரிலேயே ரயிலை அங்கே கொண்டுபோவது என்றால் அது வேறு விஷயம். அதற்கு உங்கள் சான்றிதழில் அந்தப் பாதை இருக்க வேண்டும். அதுவரை வேண்டாம்.

இதோடு இன்னொரு பொறுப்பும் உண்டு. காப்பீடு ரத்தானாலோ மாறினாலோ, காப்பீடு போதாமல் போகக்கூடிய அளவுக்கு இயக்கம் மாறினாலோ, சான்றிதழ் வைத்திருப்பவர் தாமதிக்காமல் ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பங்குகள் கைமாறியபோது வாங்கிய கம்பெனியை உங்கள் குழுமப் பாலிசிக்குக் கீழே கொண்டுவந்தீர்களா? கொண்டுவந்திருந்தால் அது ஒரு மாற்றம். தெரிவித்தார்களா என்று கோப்பைப் பாருங்கள். தெரிவிக்கவில்லை என்றால் இன்றைக்கே தெரிவித்துவிடுங்கள், இணைப்பு விண்ணப்பத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். தாமதமாக நாமே போய்ச் சொல்வதும் அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதும் ஒன்றல்ல.

இதைப் படிக்கும் மற்ற சிலருக்காக ஒரு சிறு குறிப்பு. வாங்கிய பாதை மாகாண உரிமத்தில் ஓடிக்கொண்டிருந்தால் கணக்கு மாறும். மத்திய சட்டத்துக்கு உட்பட்ட கம்பெனி அதைத் தன் இயக்கத்தோடு ஒன்றாகக் கலந்துவிட்டால் அந்தப் பாதையும் மத்திய அதிகாரத்துக்குள் வந்துவிடும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் பி.சி. ரயிலை 2004-ல் சி.என். (கனடியன் நேஷனல் ரயில்வே) எடுத்துக்கொண்டபோது இதுதான் நடந்தது. தொழிலாளர் சட்டமும் அதோடு மாறும், சங்கத்தின் பிரதிநிதித்துவமும் கூட்டு ஒப்பந்தமும் தொடரும். எல்லையைத் தாண்டும் பாதை என்றால் இரண்டு நாட்டின் அனுமதியும் ஒரே நாளில் வராது. லாக்-மெகான்டிக் வழியாகப் போகும் அதே பாதையைப் பிறகு சி.பி. (கனடியன் பசிபிக் ரயில்வே) வாங்கியபோது, கனடாப் பகுதி 2019 டிசம்பர் 30-ல் கைக்கு வந்தது. அமெரிக்கப் பகுதிக்கு அங்குள்ள வாரியத்தின் ஒப்புதல் வர வேண்டியிருந்ததால் 2020 ஜூன் 4 வரை காத்திருந்தார்கள்.

சரி, உங்கள் ஜனவரி 1-க்கு வருவோம். விண்ணப்பம் கிடைத்த 120 நாளுக்குள் ஏஜென்சி முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஜனவரி 1-லிருந்து பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் 3. அது கடைசி நாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காப்பீட்டுச் சான்று வராமல், மைல் எண் ஒத்துவராமல் விண்ணப்பம் போனால் கேள்வியும் பதிலுமாக வாரங்கள் ஓடிவிடும். ஜூலைக்குள் அனுப்பிவிட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் நிர்வாகத்திடம் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 1-ல் இணைந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. புதிய லெட்டர்ஹெட் அடித்தாகிவிட்டது, எஞ்சினுக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது என்பதற்காக உத்தரவு வருவதற்கு முன் பெயரை மாற்றி ஓட்டும் நெருக்கடிக்கு உங்களை ஆளாக்கினால், முடியாது என்று எழுத்தில் சொல்லுங்கள். அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைத்திருப்பதே அதற்காகத்தான்.

நிதி மேலாளரிடம் பேசும்போது சட்டப் பிரிவுகளிலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டு கம்பெனியின் ஆபத்தான சரக்கு எடையை ஒரே தாளில் எழுதி, கீழே கூட்டுத் தொகையைப் போட்டு, பக்கத்தில் 40,000 என்று எழுதி அவர் முன்னால் வையுங்கள். தரகருக்கு அவரே போன் போடுவார். அவர் போன் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அந்தப் பாதையின் ரோடுமாஸ்டரைக் கூப்பிட்டு, கடைசி மைல் கல் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் அவரோடு போய் அந்தக் கல்லை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.